வராத கழுகின் கணக்கு

எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டத்தில் ஒருமுறை என் பெயர் அடிபட்டது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் தகராறு எல்லாம் ஓய்ந்து 'இதர விஷயங்கள்' வந்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார். "அண்ணா, தினமும் மொட்டைமாடியில பைனாகுலரோட நிக்கிறீங்களாமே. எதிர் விங்ல இருக்கறவங்க கேக்கறாங்க" என்றார் மராத்தியில். பருந்து பார்க்கிறேன் என்றேன். கூட்டம் சிரித்தது. "குப்பைக் கிடங்குப் பக்கம் போனா வெறுங்கண்ணுக்கே நூறு தெரியுமே, அதுக்கு எதுக்கு பைனாகுலர்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். கடைசியில் தீர்ப்பு இப்படி ஆயிற்று: கிழக்கே பார்த்து நிற்கலாம், மேற்கே திரும்பக் கூடாது.

எனக்கு வேண்டியதும் கிழக்குதான். மும்பையின் விக்ரோலியில் அந்தத் திசையில் ஊர் முடிந்து அலையாத்திக் காடு தொடங்குகிறது. கோத்ரெஜ் குழுமம் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் காடு அது. அதற்கப்பால் தாணே கழி, அக்கரையில் நவி மும்பையின் அடுக்குமாடிகள். கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. கழிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் அதற்கு நூறடி மேலே பார்க்கிறவன்.

காலை ஒன்பதரைக்கு முன்னால் மாடி ஏறிப் பயனில்லை. தரை சூடேறி வெப்பக் காற்று எழும்பினால்தான் பெரிய வேட்டைப் பறவைகள் கிளம்பும். சிறகை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் காற்றுத் தூணில் வட்டமிட்டபடியே ஏறும். உச்சியிலிருந்து சறுக்கி அடுத்த தூணைப் பிடிக்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பெரும்புள்ளிக் கழுகு இப்படித்தான் சிக்கனமாகப் பயணம் செய்கிறது. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறப்பது. இறக்கைகளை 'V' வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோரைப்புல்லுக்கு மேல் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் போகும். எப்போதாவது விராலடிப்பான் கழியின்மேல் நின்று, காலை நீட்டித் தண்ணீரில் விழும்.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் இ-பேர்டு செயலியில் எழுதுகிறேன். 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கியது அது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எவ்வளவு நேரம் நின்றேன், எத்தனை பேர் இருந்தோம் என்பதைச் சொல்லிவிட்டு, பார்த்த இனங்களை எண்ணிக்கையோடு பதிய வேண்டும். முடிக்கும் முன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. கழுகைப் பார்க்க வந்தவன் காக்கையையும் மாடப்புறாவையும் எதற்கு எண்ண வேண்டும்? கழுகு வந்த நாளில் எழுதுவேன். வராத நாளில் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். என் கணக்கைப் பின்னாளில் யாராவது பார்த்திருந்தால், விக்ரோலி வானத்தில் கழுகு இல்லாத நாளே கிடையாது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

இப்படிக் கோணல்கள் இந்தப் பதிவுகளில் ஏராளம். பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில்தான் வெளியே போகிறார்கள். வெறும் எண்ணிக்கையைக் கூட்டினால் கழுகுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வலசை வருவதாகத் தெரியும். அதனால் ஆய்வாளர்கள் பறவைகளைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்ன முழுப் பட்டியல்கள் நூறில் எத்தனையில் அந்த இனம் இருக்கிறது என்று விகிதம் போடுகிறார்கள். அந்த விகிதம் அக்டோபரில் ஏறி ஏப்ரலில் இறங்கினால், வந்துபோன காலம் தெரிகிறது. காக்கையும் புறாவும் மட்டுமுள்ள பட்டியல் அங்கேதான் உதவுகிறது. ஒருவர் நின்றார், பார்த்தார், கழுகு வரவில்லை என்பதற்கு அது சாட்சி. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் தந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களைக் கணித்தது. அந்த மூன்று கோடியில் பெரும்பகுதி காக்கை, மைனா வகையறாவாகத்தான் இருக்கும்.

எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு பருந்து. ஒரு டிசம்பரில் கரும்பழுப்பாக, அகன்ற இறக்கையோடு ஒன்று வெகு உயரத்தில் வட்டமிட்டது. இறக்கையின் அடிப்பக்கத்தில் வெளிறிய திட்டு. பெரும்புள்ளிக் கழுகு என்று பதிந்து, ஆறு படங்களையும் சேர்த்தேன். நான்கு நாள் கழித்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையான இரண்டே வரிகள்: மூன்றாவது படத்தில் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கிறதா?

பெரிதாக்கினேன். வால் விரிந்திருந்த இடத்தில் லேசான பிளவு. கழுகுக்கு அது கிடையாது. குப்பைக் கிடங்கில் நூறு இருக்கும் என்றாரே, அந்த ஊர்ப்பருந்தின் வகையறா. மானம் போனது. ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. குளிர்காலத்தில் நம் ஊர்ப்பருந்துகளோடு வடக்கிலிருந்து வரும் கருஞ்செவிப் பருந்துகளும் கலந்துவிடுகின்றன. இறக்கைக்கடியில் வெளிறிய திட்டு அவற்றுக்குத்தான் பெரிது. டெல்லியில் இப்படிப்பட்ட பருந்துகளுக்குக் கருவி கட்டிப் பார்த்தபோது, அவை காரகோரம் மலைத்தொடரைத் தாண்டி மத்திய ஆசியாவுக்கும் அதற்கப்பாலும் போவது தெரிந்தது. உலகத்தின் இரண்டாவது உயரமான சிகரத்தை ஒட்டிப் பறந்துவிட்டு வந்து, குப்பைமேட்டில் கோழிக்குடலுக்கு மல்லுக்கு நிற்கும் பறவை! நான் பார்த்தது அதுதானா என்று அந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. வெறும் பருந்து என்று திருத்தினேன். தெரிந்த அளவுக்குமேல் எழுதாமலிருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கருவி கட்டினால் போதாதா, இத்தனை பேர் எதற்கு என்று என் மகன் கேட்பான். 2013 நவம்பரில் நாகாலாந்தில் மூன்று அமூர் வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். முந்தைய ஆண்டுவரை வலைவிரித்து அந்தப் பறவைகளைக் கொத்துக்கொத்தாகப் பிடித்த பாங்தி ஊர்க்காரர்களே அதற்குள் காவலர்களாக மாறியிருந்தார்கள். நூற்றைம்பது கிராம் எடைதான் இருக்கும் அந்தப் பறவை அரபிக்கடலை நிற்காமல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போவதைக் கருவி காட்டியது. ஆனால் கருவி மூன்று பறவைகளின் வழியைத்தான் சொல்லும். கூட்டம் எந்த வாரத்தில் எங்கே கடக்கிறது, போன வருஷத்தைவிடக் கூடவா குறைவா என்பதற்குப் பல மாடிகளில் பலர் நின்றாக வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு குன்று. வலசை போகும் பருந்துகளைச் சுட்டுத் தள்ளிய இடத்தை 1934இல் சரணாலயமாக்கி, அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அங்கே கடந்த வெண்தலைக் கழுகுகளில் இளம் பறவைகள் 1935 முதல் 1939 வரை 40 சதவீதம். 1955 முதல் 1959 வரை 20 சதவீதம். கழுகுகள் முன்போலக் குஞ்சு பொரிக்கவில்லை என்பதற்கு அந்தக் கணக்கையும் சாட்சியாக வைத்துத்தான் ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதினார். 1935இல் எண்ணியவர்களுக்குத் தாங்கள் எதற்குச் சாட்சி சொல்கிறோம் என்று தெரிந்திருக்காது.

இதைப் படித்தபோது எனக்குத் திருக்கழுக்குன்றம்தான் நினைவுக்கு வந்தது. அம்மாவின் ஊர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் பாட்டி மலையேற்றிவிடுவாள். உச்சிவேளையில் பாறைமேல் சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் வைத்துக் காத்திருப்பார்கள். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக இரண்டு வரும். மஞ்சள்முகப் பாறு என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். நம் நாட்டு வகையின் அறிவியல் பெயரில் செஞ்சி ஊர் இருக்கிறது என்பதும் பின்னால் தெரிந்ததுதான். பாட்டிக்கு அவை சாபம் பெற்ற முனிவர்கள். காலையில் கங்கையில் குளித்து, மத்தியானம் இங்கே சாப்பிட்டு, ராத்திரி ராமேசுவரத்தில் தங்குகிறவர்கள். யோசித்தால் அதுவும் ஒரு வலசை வரைபடம்தான்!

அந்தப் பறவைகள் இப்போது வருவதில்லை. எந்த வருஷம் நின்றது? மாமா ஒரு வருஷம் சொல்கிறார், சித்தி வேறொன்று சொல்கிறாள். தலைமுறை தலைமுறையாகத் தினமும் கூட்டம் கூடி அண்ணாந்து பார்த்த ஊர். வந்த நாளெல்லாம் தரிசனம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ஒன்று மட்டும் வந்த நாள், வெகுநேரம் கழித்து வந்த நாள், பொங்கல் அப்படியே காய்ந்துபோன முதல் நாள் ஆகியவற்றை எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. வராத நாள் அபசகுனம். அதை யார் எழுதுவார்கள்?

நேற்று ஒன்பதரை முதல் பத்தேகால்வரை நின்றேன். ஊர்ப்பருந்து பதினேழு, காக்கை நாற்பது, மாடப்புறா எண்ண முடிந்தவரை ஐம்பத்திரண்டு, கொக்கு மூன்று. கழுகு இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? ஆம். குறிப்பு என்ற இடத்தில் வழக்கம்போல ஒரு வரி சேர்த்தேன்: கிழக்கு மட்டும் பார்த்தது.

வாட்ச்மேன் தொட்டியில் தண்ணீர் பார்க்க மேலே வந்தான். "அங்கிள், உங்களுக்குப் பின்னால தொட்டி மேல ஒண்ணு உக்காந்திருக்கு. நல்லாப் பெரிசா இருக்கு" என்றான் இந்தியில். கழுத்து தன்னாலேயே பாதி திரும்பியது. எதிர் விங்கில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.