வெப்பம் வெளியேறும் வழி

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்த கொக்கிளாயில் இரும்பின் ஆயுள் குறுகியது. கதவின் பிணைச்சல், துவிச்சக்கர வண்டியின் சங்கிலி, கூரைத் தகரத்தில் அறைந்த ஆணி ஆகிய அனைத்தையும் உப்புக் காற்று ஆண்டுக்காண்டு அரித்துச் செல்லும். அங்குள்ள கரிய மணலில் இல்மனைற்று எனும் கனியம் உண்டு; களப்பிற்கு அப்பால் புல்மோட்டையில் அதனை அகழ்ந்தெடுக்கின்றனர். ஆயின் அம்மணல் பாரமானது. காற்றிலேறி வீட்டினுட் புகுவதில்லை. புகுவது உப்பு ஒன்றே.

இத்தகைய ஊரில் மேசைக் கணினி ஒன்றை அமைக்க முற்பட்ட இளைஞன் ஒருவன், அதன் செயலியைக் காற்றினாற் குளிர்விப்பதா, திரவத்தினாற் குளிர்விப்பதா என்னும் வினாவில் ஏறத்தாழ இரண்டு மாதங்களைச் செலவிட்டான். அவனோடு வவுனியாவிற் பயின்ற நண்பர்க்கு இது நகைப்பாகவே இருந்தது. குளிரூட்டப்பட்ட அறையில் இருப்போர்க்கு அது விருப்பத்தையும் வண்ண விளக்குகளையும் பொறுத்த விடயம். அவனுக்கோ அது தந்தையின் பணம்.

தந்தை கொக்கிளாயிற் பிறந்தவர். 1984 டிசம்பரில் ஊர் முழுவதும் வெளியேற நேர்ந்தபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 2009 இல் போர் முடிந்து, மேலும் சில காலம் கழிந்த பின்னரே அக்குடும்பம் மீண்டும் ஊர்மண்ணை மிதித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பிறர் கரைகளிற் பிறர் படகுகளிலே தொழில் செய்தார். மகன் பிறந்ததும் அத்தகைய இடமொன்றிலேதான். திரும்பி வந்தபின் பழைய படகொன்றையும் பழைய எஞ்சின் ஒன்றையும் வாங்கினார். அந்த எஞ்சினை மாற்றவேண்டும் என்று சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருந்த பணத்தையே இப்போது மகனின் கணினிக்குக் கொடுக்க இசைந்தார். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதன் பின்னர், இறக்குமதிப் பொருளெதனையும் இரண்டாம் முறை வாங்கும் துணிவு சாதாரண குடும்பங்களுக்கு இல்லை. ஒருமுறை வாங்குவது நிலைத்து நிற்கவேண்டும்.

அவனது தொழில் யாதெனின், வெளிநாடுகளிற் கட்டப்படவிருக்கும் வீடுகளின் வரைபடங்களைக் கொண்டு, அவை கட்டி முடிந்தபின் எவ்வாறு தோன்றும் என்பதைப் படமாக்கிக் கொடுத்தல். ஒளி எங்கே விழும், நிழல் எங்கே படியும் என்பதையெல்லாம் செயலி மணிக்கணக்கிற் கணிக்கும். அவ்வேளை அதன் எல்லாக் கருக்களும் முழு வேகத்தில் இயங்கும். பழைய கணினி சித்திரை மாதப் பகலொன்றில் இவ்வேலையின் நடுவே தளர்ந்தது. அது பழுதன்று. இன்றைய செயலிகள் தம் வெப்பநிலை வரம்பை, அதாவது இனத்துக்கேற்ப 95 அல்லது 100 பாகை செல்சியசை அணுகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆறு மணி நேர வேலை பதினொரு மணி நேரம் இழுத்தது. குறித்த வேளை தவறியது. அந்த வாடிக்கையாளர் பின்னர் வரவில்லை.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஐயத்துக்கிடமின்றித் திரவ முறையையே பரிந்துரைத்தார். செயலியின்மீது பதியும் செப்புத் தட்டு, அதன்மேற் சிறு பம்பி, இரு குழாய்கள், மின்விசிறிகள் பொருந்திய ரேடியேற்றர், உள்ளே நிரந்தரமாக அடைக்கப்பட்ட திரவம்: இவையே அதன் உறுப்புகள். கடைக்காரர் கூறியதிற் பிழையில்லை. சம கனவளவுள்ள காற்றைவிட நீர் மூவாயிரம் மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஏற்கவல்லது. கணினியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1980 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 என்னும் பெருங்கணினி நீரினாற் குளிர்விக்கப்பட்டது. 1985 இல் வந்த கிரே-2 மின்சாரத்தைக் கடத்தாத திரவமொன்றில் முற்றாக அமிழ்ந்திருந்தது. பின்னர் 1990 களில் குறைந்த மின்வலுவில் இயங்கும் சில்லுகள் வந்தபோது பெருங்கணினிகள் காற்றுக்குத் திரும்பின. சில்லுகள் மீண்டும் சூடேறியபோது அவையும் மீண்டும் நீரை நாடின. குளிர்ப்பு முறையைத் தீர்மானித்தது ஒவ்வொரு காலத்திலும் வெப்பத்தின் அளவே.

எனினும் அவனை உறுத்திய கேள்வி வேறொன்று. அந்த நீர், தான் ஏற்ற வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? ரேடியேற்றரின் செட்டைகளினூடாக அறையின் காற்றிலேதான். இறுதியில் இரண்டு முறைகளுமே காற்றுக் குளிர்ப்புத்தான். ஒன்றிற் செயலிக்கு அருகிலேயே வெப்பம் காற்றிடம் கையளிக்கப்படுகிறது, மற்றதில் சற்றுத் தூரம் பயணஞ் செய்தபின் கையளிக்கப்படுகிறது. வியப்பு யாதெனில், காற்றுக் குளிர்ப்பான் என்று விற்கப்படும் கோபுர வடிவப் பொருளினுள்ளும் நீர் உண்டு. அதன் செப்பு வெப்பக்குழாய்களினுள் காற்றை வெளியேற்றிச் சிறிதளவு நீரை இட்டு மூடியிருப்பர். செயலியின் சூட்டில் நீர் ஆவியாகி மேலே செட்டைகளை அடைந்து, அங்கே வெப்பத்தை இழந்து ஒடுங்கி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்டுளைப் படையினூடாக மீண்டும் கீழே வருகின்றது. பம்பியில்லை, மின்சாரமில்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. பெயர்களை நம்பித் தெரிவு செய்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

அவன் தாளில் எளிய கணக்கொன்றைப் போட்டான். நல்ல காற்றுக் குளிர்ப்பான் ஒன்று, செயலி உமிழும் ஒவ்வொரு வாற்றுக்கும் கால் பாகை ஏற்றத்தை அனுமதிக்கும் எனவும், பெரிய திரவக் குளிர்ப்பான் ஐந்திலொரு பாகையை அனுமதிக்கும் எனவும் கொள்வோம். 200 வாற்று உமிழும் செயலியில் முன்னது அறையின் வெப்பநிலைக்கு மேல் 50 பாகையிலும், பின்னது 40 பாகையிலும் நிற்கும். குளிரூட்டிய அறை 24 பாகை எனின் 74 உம் 64 உம், இரண்டுமே நன்று. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அறையே 37 பாகை எனின் 87 உம் 77 உம். இதற்கும் மேலாக, சில்லின் உள்ளிருந்து அதன் உலோக மூடிவரை வெப்பம் கடக்கும் வழியில் ஏற்படும் ஏற்றமும் சேரும். அவ்வழியை எந்தக் குளிர்ப்பானும் மாற்றமாட்டாது. ஆகவே அந்தப் பத்துப் பாகை வேறுபாடு கொழும்பின் குளிரறையில் ஆடம்பரம், கொக்கிளாயில் அத்தியாவசியம். இக்கணக்கின்படி அவன் திரவத்தின் பக்கமே சாய்ந்தான்.

ஒரு மாலை, கடலிலிருந்து வந்து எஞ்சினை நன்னீரிற் கழுவிக்கொண்டிருந்த தந்தையிடம் படத்தைக் காட்டி விளக்கினான். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

“தண்ணி ஓடுதோ எண்டு எதில பாக்கிறது, தம்பி?”

“பாக்கேலாது ஐயா. எல்லாம் பூட்டித்தான் வரும்.”

“அப்ப நிண்டுபோனா?”

“சூடு ஏறும். ஏறினாப் பிறகுதான் தெரியும்.”

அவர் மேலும் ஒன்றும் கூறவில்லை. கழுவும் வேலையைத் தொடர்ந்தார். அவர் வினாவின் பொருளை விளங்கிக்கொள்ள அவரது தொழிலை அறிதல் வேண்டும். படகின் பின்னே பொருத்தும் எஞ்சினும் திரவக் குளிர்ப்பினாலேயே உயிர்வாழ்கின்றது. கடல்நீரை ஒரு சிறு இறப்பர்ச் சக்கரம் உறிஞ்சி எஞ்சினைச் சுற்றிச் செலுத்தும். அதில் ஒரு பகுதி பின்புறத்துச் சிறு துவாரம் ஒன்றினூடாக வெளியே பீய்ச்சியடிக்கும். கரையை விட்டுப் புறப்பட்டதும் எந்த மீனவரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்த நீர்த்தாரையைத்தான். தாரை மெலிந்தால் உப்போ பாசியோ அடைத்துவிட்டதென்று பொருள். சக்கரம் தேய்ந்திருப்பின் தாமே கழற்றி மாற்றுவர். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அடுத்து நிகழ்வது காற்றின் கையில் உள்ளது. எனவேதான் அவருக்குக் குளிர்ப்பின் வலிமையைக் காட்டிலும் அது நடைபெறுகின்றதா என்பது கண்ணுக்குத் தெரிதலே முதன்மையாயிற்று.

கணினி கடலன்று, பம்பி நின்றால் செயலி தன்னை அணைத்துக்கொள்ளும், உயிருக்கு ஆபத்தில்லை. பம்பியின் சுழற்சியை எண்ணிக் காட்டும் மென்பொருளும் உண்டு என்பதை அவன் அறிவான். எனினும் திரவக் குளிர்ப்பின் ஆயுளைப் பற்றி அவன் அதன்பின்னரே ஆராயத் தொடங்கினான். மூடிய சுற்றாயினும் குழாய்ச் சுவரினூடாக நீராவி மிக மெதுவாகக் கசிந்து ஆண்டுகள் செல்லத் திரவம் குறையும். பம்பி இடையறாது இயங்கித் தேயும். உற்பத்தியாளர் உத்தரவாதம் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளே. அதன்பின் பகுதியை மாற்ற வழியில்லை, முழுவதையும் மாற்றவேண்டும். வவுனியாவில் நண்பன் ஒருவனின் பம்பி இரண்டாம் ஆண்டிலேயே நின்றது. உத்தரவாதத்தின் கீழ்ப் புதியது கிடைத்தது. ஆயின் அது கொழும்புக்குப் போய் வரும்வரை ஐந்து வாரங்கள் அவனது கணினி மேசையில் வெறும் பெட்டியாகக் கிடந்தது. கொக்கிளாயிலிருந்து கொக்குத்தொடுவாய், நாயாறு, அளம்பில் என்று பேருந்திற் சென்று முல்லைத்தீவை அடைந்து, அங்கிருந்து பொதி அனுப்பிக் காத்திருக்கும் ஒருவனுக்கு ஐந்து வாரம் என்பது ஒரு தொழிலின் முடிவாகவும் அமையலாம்.

இதனாற் காற்றுக் குளிர்ப்பு குறையற்றது என்பதன்று. பெரிய கோபுரங்கள் ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையன. தாய்ப்பலகையில் அந்நிறை தொங்கும்போது, குன்றும் குழியுமான வீதியில் கணினியைக் கொண்டுசெல்வது அபாயகரமானது. கழற்றியே எடுத்துச் செல்லவேண்டும். நீண்ட வேலையின் தொடக்கத்தில் திரவம் வெப்பத்தைத் தன்னுட் சேமித்துச் சில நிமிடங்கள் தணிவாக வைத்திருக்கும் நன்மையும் காற்றில் இல்லை. ஆறு மணி நேரம் ஓடும் வேலைக்கு அச்சில நிமிடங்களாற் பயனில்லை என்பது வேறு விடயம். உப்போ இரு சாராருக்கும் பொதுப் பகை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது படிந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சி உவர்நீராகும். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் அந்த உவர்நீர் அலுமினியத்தைத் தின்னும். நிக்கல் பூச்சிட்ட கோபுரம் சிறிது தாங்கும். முக்கியமாக, அதனைக் கழற்றித் தூரிகையாற் துடைத்து மீண்டும் பூட்டலாம். பழுதாகக்கூடிய ஒரேயொரு பகுதியான மின்விசிறி எந்த நகரத்திலும் கிடைக்கும்.

ஆயினும் அந்தப் பத்துப் பாகை? கணக்குப் போட்ட தாளை அவன் மீண்டும் எடுத்தான். இம்முறை குளிர்ப்பானை விட்டுவிட்டு 200 வாற்று என்னும் எண்ணையே வினவினான். செயலியின் வேகத்தை உயர்த்த அதன் மின்னழுத்தத்தையும் உயர்த்தவேண்டும். மின்வலுவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே கடைசிச் சிறு துளி வேகத்துக்கே மிகப்பெரும் வெப்பம் விலையாகின்றது. 65 வாற்று வகுப்பைச் சேர்ந்த செயலி ஒன்று முழு வேலையில் 88 வாற்று வரை எடுக்கும். அதே கோபுரத்துக்கு அது 22 பாகை ஏற்றமே. திரவத்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஐந்து பாகைக்குள் ஒடுங்கிவிடுகிறது. இரண்டு மாதங்களாக அவன் விடைதேடியது இரண்டாவது கேள்விக்கு. முதலாவது கேள்வி எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குவது என்பதாகும்.

இத்தெரிவுக்கு விலையும் உண்டு. சந்தையில் உச்ச வேகமுள்ள செயலிகளோடு ஒப்பிடும்போது அவன் வேலை கூடிய நேரம் எடுக்கும். அவசரமான பெரிய வேலைகளை அவன் ஏற்கமுடியாது. அதை அவன் அறிந்தே செய்தான். மிச்சமான பணத்தில் மின்தடையைத் தாங்கும் மின்கலப் பெட்டி ஒன்றும், தகரக் கூரையின் கீழ் ஓலைத் தட்டியும் வந்தன. ஓலைத் தட்டியைப் பற்றி எந்தக் கணினிச் சஞ்சிகையும் எழுதியதில்லை. ஆனால் அறையின் வெப்பநிலை குறைந்த அளவுக்குச் செயலியின் வெப்பநிலையும் குறைந்தது. தந்தை எஞ்சினின் இறப்பர்ச் சக்கரத்தை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டார், எஞ்சின் பழையதே.

நீண்ட வேலைகளை அவன் இரவுக்கு ஒதுக்கினான். பெட்டியின் பின்புறம் மேசையின் விளிம்பை நோக்கியிருந்தது. விடியுமுன் கடலுக்குப் புறப்படும் தந்தை சில நாள்களில் அவ்வழியாக வந்து, மின்விசிறியின் பின்னே உள்ளங்கையை வைத்து, வெப்பக் காற்று வருவதை உணர்ந்து, ஒன்றும் பேசாது செல்வார்.

மூன்று மாதங்களின் பின், சோளகம் வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில், அவன் முதன்முறையாகக் குளிர்ப்பானைக் கழற்றினான். செட்டைகளின் விளிம்பில் சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்தது, தொட்டபோது பிசுபிசுத்தது. நிக்கல் பூச்சு கெடவில்லை. மின்விசிறியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் மாத்திரம் துரு ஏறியிருந்தது. தந்தையின் எஞ்சின் பெட்டியில் துருவேறா உருக்குத் திருகாணிகள் கிடந்தன. இரண்டு அளவு பொருந்தின, மற்ற இரண்டையும் முல்லைத்தீவிலிருந்து வாங்கிவரும்படி பேருந்திற் சென்ற அயலவரிடம் சொல்லியனுப்பினான்.