தொட்டிலுக்கு முந்திய தொட்டி

மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும், காற்றாடப் போய் வரலாமென்று மாப்பிள்ளை எங்களை எர்டிஸ்லி என்ற ஊருக்கு அழைத்துப் போனார். ஹெரிபோர்டு ஜில்லாவில், வேல்ஸ் எல்லைக்கு அருகில் இருக்கிற சின்னக் கிராமம். அங்கே மாதா கோயிலில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற கல்தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1150-ல் செதுக்கியது.

தொட்டி என்றதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியை நினைத்துவிடாதீர்கள். பெரிய கிண்ணத்தைக் குட்டைக் காலில் நிறுத்தினாற்போல் இருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஜடைப் பின்னல் மாதிரி வேலைப்பாடு. ஒரு புறம் பெரிய சிங்கம். இன்னொரு புறம் இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவனுடைய ஈட்டி மற்றவன் தொடையில் பாய்ந்து நிற்கிறது! பச்சைக் குழந்தை முழுகுகிற இடத்தில் இந்தச் சண்டை எதற்கு? பண்டிதர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் மனசு அடுத்த சிற்பத்திலேயே நின்றுவிட்டது. கொடிச் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவனை இயேசுநாதர் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார். பாதாளத்தில் இறங்கி ஆத்மாக்களை மீட்ட கதையாம். அவருடைய ஆடை மடிப்புகளைக் கயிறு திரித்தாற்போல் செதுக்கியிருக்கிறான் சிற்பி. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. வடக்கே பிரைட்கர்க் என்ற ஊர்த் தொட்டியில் மட்டும், ரிச்சர்டு என்ற சிற்பி தன் பெயரைப் பொறித்து, உளியும் சுத்தியலுமாகத் தன் உருவத்தையும் செதுக்கிக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரன்!

மந்திரித்த தண்ணீரைத் தொட்டியிலேயே வைத்திருப்பார்களாம். சூனியக்காரர்கள் திருடாமலிருக்க, மூடி போட்டுப் பூட்ட வேண்டுமென்று 1236-ல் கட்டளை பிறந்தது. பிற்காலத்து மதச் சண்டைகளில் பல தொட்டிகள் வெளியே எறியப்பட்டு, மாட்டுத் தொட்டியாகவும் பூந்தொட்டியாகவும் கிடந்தன என்பது வேறு கதை.

“அம்மா, ஞானஸ்நானம் நடக்கும்போது பெற்றவள் எங்கே நிற்பாள்?” என்று கேட்டாள் என் மகள், பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு.

பெற்றவள் அங்கே இருக்க மாட்டாள். அந்தக் காலத்தில் எத்தனையோ சிசுக்கள் சில நாட்கூடத் தங்குவதில்லை. ஞானஸ்நானம் ஆகாமல் போனால் மோட்சமும் இல்லை, கோயில் மண்ணில் அடக்கமும் இல்லை என்று நம்பினார்கள். அதனால் பிறந்த அன்றோ மறுநாளோ, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் மருத்துவச்சியுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுவார்கள். அதுவரைகூடத் தாங்காது போலிருந்தால், மருத்துவச்சியே தண்ணீர் விட்டு மந்திரத்தைச் சொல்லிவிடலாம். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியது பாதிரியாரின் கடமை.

பெற்றவளோ வீட்டில் படுக்கையில். ஏறக்குறைய ஒரு மாதம் அவள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. நமக்கு இது புதிதா என்ன? தொட்டியருகே குழந்தையின் பெயரைச் சொல்வதும் ஞானப்பெற்றோர்தான். பல சமயம் தங்கள் பெயரையே வைத்துவிடுவார்கள். தன் வயிற்றில் பிறந்ததற்கு என்ன பெயர் என்பது, அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் அவள் காதில் விழும். தீட்டுக் கழிந்து, நன்றி செலுத்த அவள் கோயிலுக்கு வருகிற நாளில் தொட்டி மூடிப் பூட்டியிருக்கும்.