தூள் வடித்த துணி

லிந்துலைத் தோட்டத்து லயங்களில், என் சிறு வயதில், தேநீர் வடிக்கக் கம்பி வடிகட்டி வைத்திருந்த வீடுகள் குறைவு. பழைய வேட்டியிலோ கோதுமை மா வந்த பருத்திப் பையிலோ கிழித்தெடுத்த துண்டுதான் வடிகட்டி. வறுமையே காரணம் என்று கொழும்பு நண்பர்கள் எண்ணுவதுண்டு. அது பாதி உண்மை. மறுபாதி எங்களுக்குக் கிடைத்த தேயிலையில் இருந்தது.

தொழிற்சாலையில் காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் தரம் பிரிப்பார்கள். பெரிய துகள்கள் பீ.ஓ.பி. முதலான பெயர்களோடு கொழும்பு ஏலத்துக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு வந்ததோ கடைசிச் சல்லடைக்கும் கீழே விழுந்த டஸ்ட். சாயம் நன்றாகவே இறங்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொடி கம்பிக் கண்களில் நிற்காது. குவளையின் அடியில் சேறாகப் படியும். பருத்தியோ நனைந்தால் இழை ஊதிக் கண் சுருங்கும். அதற்காக நெருக்கமாக நெய்த துணியும் ஆகாது, தூள் அடைத்துக்கொள்ளும். இழை இளகிய துணியை இரண்டாக மடிப்பதே அம்மாவின் கணக்கு. சவர்க்காரம் தொட விடமாட்டார். அந்த வாசம் தேநீரில் ஏறும். தென்மேல் பருவமழையில் வெயில் காணாத வாரங்களில் அது அடுப்புக்கு மேலேதான் காயும். புகை மணம் இலவசம்!

மா அவிக்க வேறொரு துணி உண்டு. அவிக்காத கோதுமை மா தண்ணீர் பட்டதும் பசையாகிவிடும்; பிட்டு உதிராது. ஆகவே மாவைத் துணியில் தளர முடிந்து ஆவியில் வைத்து, சூடு ஆறுமுன் கட்டியுடைத்து அரித்தெடுக்க வேண்டும்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு மா குறைந்து, தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். எனக்கு அப்போது நான்கு வயது. மா அவிக்கும் துணி மாதக்கணக்கில் கொடியிலேயே கிடந்தது என்று அம்மா பின்னாளில் சொன்னார். இருந்த ஒரு பிடி மாவைக் கஞ்சியாகக் கரைத்தால்தான் ஐந்து பேருக்குக் காணும். பிட்டுக்கு ஏது வழி? தேநீர்த் துணி மட்டும் ஓயாமல் நனைந்ததாம். வடித்த சக்கையையே மறுபடி கொதிக்க வைத்து, அதே துணியில் வடித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது மா பிளாஸ்டிக் இழைப் பைகளில் வருகிறது. துணியைத் தனியே வாங்க வேண்டும். புடவைக் கடைகளில் மல்துணி என்று கேட்டால் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். சாயமேற்றாத வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். கஞ்சி போக இரண்டு முறை கொதிநீரில் அவித்த பிறகே அடுப்படிக்குக் கொண்டுபோகலாம்.