கோபர்ன் துரைக்கு எந்த ஊர்?

ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தது யார் என்று மலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். பேரி, ஆப்பிள், ஆரஞ்சு என்று அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மரங்களின் பட்டியல் நீளும். கிரேஞ்ச் எஸ்டேட்டில்தான் முதல் செடிகளை வைத்தார் என்பார்கள். 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டமும் கொடுத்துவிட்டார்கள். அவர் செய்த காரியங்களைப் பற்றிப் பலர் எழுதியாயிற்று. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய பெயர். ஸ்மித், பிரவுன், வில்சன் என்று துரைமார் பெயர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது தனியாக ஒலித்தது. இப்படி ஒரு பெயர் எங்கே பிறக்கும், இன்று அது யாரிடம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

தேடலுக்கு முதல் துப்புக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் ஒருவர். காபிக் கொட்டை காயும் களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே கைநிறைய அள்ளுவார், ஒன்றை எடுத்து முன்பல்லில் கடிப்பார். பல் பதிந்தால் இன்னும் ஈரம். கடிபடாமல் விறைத்து நின்றால் மூட்டை பிடிக்கலாம். மானி எதுவும் இல்லாத காலத்திலிருந்தே அப்படித்தானாம். கடித்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "கோபர்ன் துரைங்க அவரு. எழுதறப்பத்தான் காக்பர்ன். எங்க பெரிய துரை ஒரு நாளும் காக்பர்ன்னு சொல்லி நான் கேட்டதில்லீங்க."

அவர் சொன்னது சரி. நடுவில் உள்ள சி, கே என்ற இரண்டு எழுத்தும் ஏட்டில் உண்டு, வாயில் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றும் கோபர்ன் என்றே சொல்கிறார்கள். நம் புத்தகங்களும் பலகைகளும் எழுத்தைப் பார்த்துத் தமிழாக்கிக்கொண்டன. ஆவணம் படிக்காத தோட்டத்து ஆட்களின் வாய்வழியாக இருநூறு ஆண்டுகளாகச் சரியான ஒலி தங்கியிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அடுத்து, இந்த கோபர்ன் யார் என்பதைப் பிடிக்க வேண்டும். இங்கேயே ஒரு சிக்கு. பயணக் குறிப்புகள் பலவற்றில் அவர் டேவிட் காக்பர்ன். சேலம், நீலகிரி பற்றிய பழைய மாவட்ட நூல்களில் எம்.டி. காக்பர்ன். டேவிட் என்ற பெயர் பிற்காலத்தில் யாரோ டி என்ற எழுத்தை விரித்ததால் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்; நான் இனிஷியலோடு நின்றுகொள்கிறேன். அதே பயணக் குறிப்புகள் சர் தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்ததாகவும் எழுதுகின்றன. மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனவர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, இறந்து பதினைந்து ஆண்டு கழித்து மன்றோவை மலையேற்றிவிட்டார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயனைக் கும்பிட்டு வாழும் இடத்தை யாரும் 'கண்டுபிடிக்க' வேண்டியிருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பெயரின் வேருக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களுக்கு இன்றளவும் கைநூலாக இருப்பது ஜார்ஜ் பிளாக் 1946-இல் வெளியிட்ட அகராதி. அவர் நியூயார்க் பொதுநூலகத்தில் நூலகராக இருந்தவர். அதுவும் பிற நூல்களும் காட்டுகிற இடம் ஒன்றுதான்: ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்‌ஷயர். அங்கே டன்ஸ் என்ற சிற்றூருக்கு வடக்கே 'கோபர்ன் லா' என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 325 மீட்டர். சேர்வராயன் உச்சி 1,600 மீட்டருக்கு மேல்; அதன் முன்னால் இது ஒரு மேடு. அடிவாரத்தில் ஒயிட்டேடர் என்ற சிற்றாறு ஓடுகிறது. சரிவில் இரும்புக் காலத்துக் கற்கோட்டை ஒன்றின் வட்டச் சுவர் இன்னும் நிற்கிறது. எடின்ஸ் ஹால் என்று அதற்குப் பெயர்.

'பர்ன்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஓடை. முன்பாதிக்கு இரண்டு விளக்கம் உண்டு. காட்டுச் சேவல் திரிகிற ஓடை என்பது பலரும் சொல்வது. குன்றைக் குறிக்கும் பழஞ்சொல் என்போரும் இருக்கிறார்கள். குன்று அங்கேயே கண்முன் நிற்பதால் எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஆனால் குடும்பத்தார் சேவலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கேடயத்தில் வெள்ளித் தளத்தில் மூன்று சிவப்புச் சேவல்கள். பாட்டால் எழுப்புகிறவன் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகமும் உண்டு. முருகன் குடியிருக்கும் மலைகளுக்கு நடுவே, சேவற்கொடிக் குடும்பத்திலிருந்து ஒருவர் கலெக்டராக வந்திருக்கிறார்.

ஆக, இது ஓர் ஊர்ப்பெயர். நமக்கு இது புதிதில்லை. அரியக்குடி என்றாலும் செம்மங்குடி என்றாலும் ஆள் தெரிந்துவிடும். சேலம் விஜயராகவாச்சாரியாரைச் சேலத்தை விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நம் வழக்கத்தில் ஊர் அந்த ஆளோடு நின்றுவிடும். மகன் வேறு ஊரில் பிறந்தால் அவனுக்கு வேறு எழுத்து. ஸ்காட்லாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ஊர்ப்பெயர் உறைந்து, அப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துபோல இறங்கத் தொடங்கியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்குப் பணிந்து ஸ்காட்லாந்து நிலக்காரர்கள் 1296-இல் கையெழுத்திட்ட நீண்ட பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறது. அன்றே அது ஒரு குடும்பத்தின் பெயராகிவிட்டது.

எல்லைப்புறக் குடும்பம் என்பதால் சண்டைக்கும் சாவுக்கும் குறைவில்லை. லாங்டன் கிளையின் சர் வில்லியம் 1513-இல் ஃப்ளாடன் போர்க்களத்தில் மூத்த மகனோடு மாண்டார். ஹெண்டர்லாண்ட் கிளையின் இன்னொரு வில்லியத்தைக் கொள்ளைக் குற்றத்துக்காக 1530-இல் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் மரண தண்டனைக்கு அனுப்பினார். பிறகு காலம் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மிஸ்டன் கிளையின் ஜான் கோபர்ன் என்றொருவர் வாளை விட்டு மண்ணைப் பிடித்தார். புதிய பயிர்கள், நீண்டகாலக் குத்தகை, மரம் நடுதல், திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்று தன் நிலத்தையே சோதனைக்களம் ஆக்கினார். ஸ்காட்லாந்து வேளாண்மையின் தந்தை என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. ஏற்காட்டுக்காரர் இவருக்கு உறவு என்று நான் சொல்லவரவில்லை. நிலத்தைச் சீர்திருத்துவது ஸ்காட்லாந்துக் கனவான்களுக்கு ஒரு வெறியாகவே இருந்த காலம் அது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் சேலத்துக்கு வந்ததும் மலைச்சரிவைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்பது புரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பெயர் பேரரசோடு கப்பலேறியது. 1814-இல் வாஷிங்டனைக் கொளுத்திய படையோடு இருந்தவரும், அடுத்த ஆண்டு நெப்போலியனை செயின்ட் ஹெலெனாத் தீவில் கொண்டுபோய் இறக்கியவரும் அட்மிரல் ஜார்ஜ் கோபர்ன். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்பகுதிக்கும் ஒரு நகராட்சிக்கும் இன்று அவர் பெயர். எடின்பரோவில் ஒரு வீதிக்கு நீதிபதி ஹென்றி கோபர்னின் பெயர். அவருடைய தம்பி ராபர்ட் 1815-இல் தொடங்கிய போர்ட் ஒயின் நிறுவனத்தின் பாட்டில்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

இந்த வரிசையில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளவர் ஒருவர் இருக்கிறார். தேடலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த பெயரும் அவருடையதுதான். லாங்டன் கிளையைச் சேர்ந்த சர் அலெக்சாண்டர் கோபர்ன், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. 1868-இல் ஹிக்லின் வழக்கில் ஆபாசம் எது என்பதற்கு அவர் ஓர் அளவுகோல் வைத்தார்: கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவர் கையில் அந்த எழுத்து கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்று பார். அந்தக் கோல் கடல் கடந்து இங்கே வந்தது. 1964-இல் ரஞ்சித் உதேசி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லி' நாவலை விற்ற புத்தகக் கடைக்காரரைக் குற்றவாளி என்றது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அதைக் கைவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அறுபது எழுபது ஆண்டுகள் இந்திய எழுத்தாளர் தலைக்குமேல் தொங்கிய கோல் அது. காபி கொடுத்த பெயரும் கோல் பிடித்த பெயரும் ஒன்று. முன்னதற்கு மலையில் பட்டம் கொடுத்தோம். பின்னது நம் எழுத்தாளர்களுக்குச் செய்த கேட்டை நாம் இன்னும் சரியாகப் பேசவே இல்லை.

இன்று இந்தப் பெயர் எத்தனை பேரிடம்? ஸ்காட்லாந்திலேயே மிகப் பரவலான நூறு குடும்பப் பெயர்களில் இதற்கு இடம் இல்லை. பெரிக்‌ஷயர், எடின்பரோ, அதைச் சுற்றிய லோதியன் பகுதிகளில்தான் அடர்த்தி. எழுநூறு ஆண்டு கழித்தும் பெயர் அந்த ஓடையை விட்டு அதிகம் நகரவில்லை. எழுத்துப்படி வாசித்தால் முதல் அசை ஆங்கிலக் கொச்சையில் வேறு பொருள் தரும். இப்படிப்பட்ட பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ரிச்சர்ட் வெபர் ஆராய்ந்தார். அந்த முதல் அசையை மட்டுமே பெயராகக் கொண்டவர்கள் 1881-இல் பிரிட்டனில் 3,211 பேர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டில் 785 பேராகச் சுருங்கிவிட்டார்கள். மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோபர்ன்களில் கடல் கடந்தவர்கள் ஒலிக்கேற்ப எழுத்தையே திருத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் அந்தத் திருத்திய வடிவம்தான் அதிகம். நடிகர் ஜேம்ஸ் கோபர்னின் பெயர் அப்படி எழுதப்படுவதே. ஹாலிவுட்டின் ஒலிவியா வைல்டும் பிறப்பால் ஒரு கோபர்ன்தான். மேடைக்காக ஆஸ்கர் வைல்டின் பெயரை எடுத்துக்கொண்டார். பழைய எழுத்தை விடாதவர் கனடாவின் பாடகர் புரூஸ் கோபர்ன்.

ஜமைக்காவிலும் இந்தப் பெயர் உண்டு. கிங்ஸ்டன் நகரில் ஒரு குடியிருப்புக்கே கோபர்ன் கார்டன்ஸ் என்று பெயர். கரிபியத் தீவுகளில் ஸ்காட்லாந்துப் பெயர் தாங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு முதலாளியின் பெயர் ஒட்டப்பட்டது. அதனால் ஒரு குடும்பப் பெயரின் தலைகளை எண்ணி, இத்தனை பேர் அந்த ஓடைக்கரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஏற்காட்டில் வேறு பெயர்களும் உண்டு. ஆரம்பகாலத் தோட்டக்காரர் ஃபிஷர். ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் மீன்பிடித் தொழிலின் பெயர். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவுக்கல் உள்ள ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். பாதத்தை வைத்து முன்னோர் யாருக்கோ வைத்த பட்டப்பெயர் அது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த பீட்டர் பெர்சிவல் இந்த ஃபுட்டின் மாமனார். அவர் 1882-இல் ஏற்காட்டில் காலமானார். சேலம் மாவட்டக் கையேட்டை 1883-இல் இரண்டு பாகமாகத் தொகுத்தவர் லெ ஃபானு. எல்லாவற்றிலும் அரிய பெயர் அதுதான். பிரான்சின் கான் நகரத்திலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி அயர்லாந்துக்கு ஓடிய புராட்டஸ்டன்ட் குடும்பத்தின் பெயர். 'கார்மில்லா' என்ற இரத்தக்காட்டேரிக் கதையை 1872-இல் எழுதிய ஷெரிடன் லெ ஃபானு அந்தக் குடும்பம். அதற்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

நம் கோபர்ன் குடும்பம் சேலத்தோடு நின்றுவிடவில்லை. கலெக்டரும் பிள்ளைகளும் நீலகிரிக்குப் போய் கோத்தகிரியில் வேரூன்றினார்கள். அங்கும் காபி பயிரிட்டார்கள். அவருடைய மகள் எம்.பி.எல். கோபர்ன் 1863-இல் கோத்தகிரி ஆல்போர்ட் தோட்டத்தில் தேயிலை நட்டார். நீலகிரித் தேயிலையின் ஆரம்பத் தோட்டங்களில் அது ஒன்று. அப்பா பெயரைச் சொல்லும் அளவுக்கு மகள் பெயரை யாரும் சொல்வதில்லை. அவருக்கும் பெயர் இனிஷியலாகவே நின்றுவிட்டது.

ஏற்காட்டைப் பற்றி இனி எழுதுகிறவர்களிடம், பலகை வைக்கிறவர்களிடம் எனக்கு வேண்டுகோள் உண்டு. மன்றோவையும் 1842-ஐயும் எடுத்துவிடுங்கள். கலெக்டரின் பெயரை எம்.டி. கோபர்ன் என்று எழுதுங்கள், களத்து ரைட்டர் சொன்னபடி. கோத்தகிரித் தேயிலையைப் பற்றி எழுதும்போது அவர் மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.