போதும் என்று சொல்லும் திருப்புளி

பென்சில்வேனியாவில் நவம்பர் பிறந்துவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. நன்றி நவிலல் நாளை அடுத்து வரும் சனிக்கிழமை வழக்கமான ரைஃபிள் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது (2019க்கு முன்பு திங்கட்கிழமை). நான் போயிருந்த கடை லங்காஸ்டர் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் நீளக்குழல் ரைஃபிள் செய்து பேர்வாங்கிய வட்டாரம். சுவரோரம் சாத்தியிருந்த ரைஃபிள்கள் பலவற்றில் ஒரே மாதிரிச் சீட்டு தொங்கியது: “குறி தப்புகிறது.”

கடைக்காரர் முதியவர். குழலைப் பார்க்கவில்லை, தோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை. திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தார். முதல் ரைஃபிளிலேயே குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகட்டில் ஒரு திருகு விரலுக்கே சுழன்றது. “தோட்டாவை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்திருப்பார்” என்றார்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்கு நடுவே 12 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 100 மீட்டரில் குறி 8 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். 200 மீட்டரில் 16க்கு மேல். மானின் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படலாம். மான் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டையை ஏற்பவரோ எதிர்ப்பவரோ, இந்த வாதையை யாரும் விரும்ப முடியாது. எனக்கு இந்தத் திருகுகள் பெரிய விஷயமாகத் தோன்றியது அதனால்தான்.

அப்படியானால் பலம்கொண்ட மட்டும் இறுக்கிவிடலாமே? கடையில் தொழில் பழகும் பெண் ஒரு ஸ்கோப்பை என் கையில் கொடுத்தார். அலுமினியக் குழாயில் வளையம் கடித்த தடம் பள்ளமாக இருந்தது. குழாய் நசுங்கினால் உள்ளே நகர வேண்டிய லென்ஸ் தொகுதி சிக்கிக்கொள்ளும். வெளியே குமிழைத் திருகினாலும் குறி நகராது.

அந்தப் பெண் வேலை செய்ததை அருகில் நின்று பார்த்தேன். திருகையும் துளையையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். கைப்பிடியில் எண் வைக்கும் டார்க் திருப்புளியில் 18 அங்குல-பவுண்டு வைத்தார். ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். பத்து சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் இரண்டு கிலோ தொங்கினால் வரும் முறுக்குவிசை, அவ்வளவுதான். குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே. அளவு வந்ததும் ‘டக்’கென்று கைப்பிடி நழுவியது, கையை எடுத்துவிட்டார்.

குழல் தொகுதியைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளின் கணக்கு வேறு. கட்டைக்குள் அலுமினியத் தூண் வைத்த ரைஃபிள் ஒன்றுக்கு 65 அங்குல-பவுண்டு வைத்தார். வெறும் மரக்கட்டைக்கு அவ்வளவு ஆகாது, மரம் நசுங்கும். ஈரத்தில் உப்பும், குளிர்கால வறட்சியில் சுருங்கும். ஆகவே பருவந்தோறும் பார்த்தாக வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம் என்று முதியவர் விளக்கினார். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் திருகை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் தலைக்கடியிலும் மரையிலும் உராய்வோடு போராடியே தீர்கிறது. எண்ணெய் பட்டுவிட்டால் உராய்வு குறையும். அதே 18 அப்போது ஏகப்பட்ட இறுக்கமாகிவிடும். திருகு கழலாமலிருக்க விடும் நீல லாக்டைட் சொட்டும், ஈரமாக இருக்கும்போது வழுக்கத்தான் செய்யும். வளையத்தைச் செய்தவர் சொன்ன அளவு உலர்ந்த மரைக்கா, ஈர மரைக்கா என்று குறிப்பைப் படிக்காமல் முதியவர் திருப்புளியைத் தொடுவதில்லை. ஐம்பது வருடக் கைப்பழக்கம் இருக்கும் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதைப் பார்க்க எனக்கு மரியாதை கூடியது.

சாயங்காலம் ஒரு விவசாயி தன் ரைஃபிளை வாங்க வந்தார். வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடுங்களேன்” என்றார். அந்தப் பெண் மறுத்துவிட்டு, தேதியும் எண்களும் எழுதிய அட்டையைக் கொடுத்தார். “இதையே என் மகன் ரைஃபிளுக்கும் வைத்துக்கொள்ளட்டுமா?”

“வேண்டாம். அதைக் கொண்டுவாருங்கள். அந்த வளையம் யார் செய்தது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”