பந்து ஆடினால் படம் ஓடுமா?

ஆட்டத்தில் பெயர் வாங்கிய ஒருவர் சினிமாவில் நடித்தால் படம் ஓடுமா? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர் டீக்கடையில் ஒரே பதில்தான். "அதெல்லாம் ஓடாதுப்பா!" ஹர்பஜன் சிங் நடித்த 'பிரண்ட்ஷிப்' (2021), இர்பான் பதான் நடித்த 'கோப்ரா' (2022) என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம் (டிக்கெட் செலவு கிடையாது, பயப்பட வேண்டாம் :-) ). இரண்டு காரணம். ஒன்று, அங்கே கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஏகப்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார்கள். இரண்டு, அங்கே வாராவாரம் வசூல் கணக்கு வெளியே வந்துவிடும். இங்கே மூன்றாம் நாளே 'மாபெரும் வெற்றி' என்று போஸ்டர் ஒட்டிவிடுவார்கள், அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. டிக்கெட் வசூல் முழுவதும் தயாரிப்பாளருக்குப் போகாது. தியேட்டர்காரர் பங்கு போக ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். அதனால் செலவைப் போல இரண்டு மடங்காவது வசூலானால்தான் தியேட்டர் மட்டத்தில் படம் பிழைத்தது என்று அர்த்தம்.

இப்போது ஷகீல் ஓ நீலை எடுத்துக்கொள்வோம். ஏழடி ஒரு அங்குலம். 1996 ஜூலையில் அவரைவிட அதிகம் பேசப்பட்ட ஆட்டக்காரர் அமெரிக்காவில் குறைவு. அந்த மாதம்தான் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியில் சேருகிறார், அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடுகிறார். அதே மாதம் அவர் பூதமாக நடித்த 'கஸாம்' வெளியானது. செலவு 2 கோடி டாலர். வசூல் சுமார் 1.9 கோடி. அடுத்த வருடம் 'ஸ்டீல்'. செலவு 1.6 கோடி, வசூல் 17 லட்சம் சொச்சம்! அந்தப் படத்தில் அவருக்கு இரும்புக் கவசம், முகத்தில் முகமூடி. ஊரே பார்க்க ஆசைப்படும் ஆளைக் கூட்டிவந்து முகத்தை மூடி வைத்தால் என்ன ஆகும்?

அதே 1996 நவம்பரில் மைக்கேல் ஜோர்டன் நடித்த 'ஸ்பேஸ் ஜாம்' வந்தது. செலவு 8 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் 23 கோடிக்கு மேல். ஜோர்டன் பெரிய நடிகர் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அவர் ஜோர்டனாகவே வருகிறார். கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடப் போனது, அங்கே தடுமாறியது, திரும்பி வந்தது எல்லாம் அவர் நிஜ வாழ்க்கையில் நடந்தவை. அதன் மேல் பக்ஸ் பன்னியை ஒட்டிவைத்தார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே அவர் பயிற்சி எடுக்கத் தனியாக ஒரு கோர்ட் கட்டிக் கொடுத்தார்கள். ஆட்டத்தை விடாமல் நடித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1980-ல் வந்த 'ஏர்பிளேன்' என்ற காமெடிப் படம். செலவு வெறும் 35 லட்சம் டாலர், அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேல் வசூல். அதில் கரீம் அப்துல் ஜப்பார் துணை விமானியாக வருவார். ஒரு பொடியன் "நீங்க கரீம்தானே?" என்று கேட்பான். அவர் இல்லவே இல்லை என்று சாதிப்பார். கரீம் ஆட்டத்தில் முழு மூச்சாக ஓடுவதில்லை என்று அப்பா சொன்னதாகப் பையன் சீண்டியதும் மனிதருக்குக் கோபம் வந்துவிடும். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ள ஒத்துக்கொண்டார், அந்தக் காட்சி இன்னமும் நிற்கிறது.

'அப்படியென்றால் தானாகவே நடித்தால் போதும்' என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. லெப்ரான் ஜேம்ஸ் லெப்ரானாகவே வந்த 'ஸ்பேஸ் ஜாம்' இரண்டாம் படத்துக்கு (2021) செலவு சுமார் 15 கோடி டாலர், வசூல் 16 கோடி சொச்சம்தான். கொரோனா காலம், அமெரிக்காவில் அதே நாளில் ஓடிடியிலும் விட்டார்கள் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனாலும் படத்தில் கம்பெனி விளம்பரம் இருந்த அளவுக்குக் கதை இல்லை.

சரி, ஊருக்குத் திரும்புவோம்.

'கோப்ரா' 2022 விநாயகர் சதுர்த்தி அன்று ரிலீஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் பார்த்தேன். இர்பான் முதல் முறை திரையில் வந்தபோது விசில் பறந்தது. பத்து நிமிடம் கழித்து அவர் வந்தபோது சத்தமே இல்லை. கோட் போட்ட இன்டர்போல் அதிகாரி அவர். இடது கையால் பந்தை வளைத்த இர்பானுக்கும் அந்த அதிகாரிக்கும் என்ன சம்பந்தம்? படம் நீளம் என்று பேச்சு கிளம்பி இருபது நிமிடத்தை வெட்டியும் தேறவில்லை. பழி இர்பான் மேல் மட்டும் இல்லை, ஆனால் அவர் பெயர் படத்தைக் காப்பாற்றவும் இல்லை.

ஹர்பஜன் சி.எஸ்.கே.வுக்கு வந்த பிறகு தமிழில் ட்வீட் போட்டு நம்மை அசத்தியவர். அந்த ட்வீட்டுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி கூட 'பிரண்ட்ஷிப்'புக்குக் கிடைக்கவில்லை. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில் கபில் தேவ் கபில் தேவாகவே வந்தார், கூடவே ரஜினியும் இருந்தார். அதுவும் ஓடவில்லை. மறுபக்கம், சடகோபன் ரமேஷ் அண்ணனாக வந்த 'சந்தோஷ் சுப்பிரமணியம்' (2008) சக்கைப்போடு போட்டது. ஆனால் அவருக்காக யாரும் போகவில்லை. அதே ரமேஷ் கதாநாயகனாக வந்த 'போட்டா போட்டி' (2011) நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஹரீஷ் கல்யாணை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். 2023-ல் தோனியின் கம்பெனி தயாரித்த 'எல்.ஜி.எம்.' படத்தில் அவர்தான் நாயகன். படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மறு வருடமே 'லப்பர் பந்து'. அதில் பெரிய கிரிக்கெட் வீரர் ஒருவர் கூட இல்லை, ரப்பர் பந்துதான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கொள்ளிடம் மணலில் ஸ்டம்புக்குக் குச்சி நட்டு ஆடியவனுக்கு அந்தப் படத்தில் தன் முகம் தெரிந்தது.

ஆனால் டீக்கடைப் பதிலை முழுசாக ஒத்துக்கொள்ள முடியாமல் செய்யும் ஒருவர் உண்டு. ரித்திகா சிங். 2016 ஜனவரியில் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில் குத்துச்சண்டைக்காரியாக நடித்தவர், நிஜத்தில் கிக் பாக்ஸிங் வீராங்கனை. தமிழ்நாட்டில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. அவர் கை வீசும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும், அதை மூன்று மாதப் பயிற்சியில் ஒரு நடிகைக்குக் கொண்டுவர முடியாது. சுதா கொங்கரா அதை நம்பிப் படம் எடுத்தார். படமும் ஓடியது, ரித்திகாவுக்கு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். வீரரின் பெயர் முதல் விசிலைத்தான் வாங்கித் தரும். அவர் ஆட்டத்தை நாம் டிவியில் தினமும் பார்க்கிறோம், பெயருக்காகத் தனியாக டிக்கெட் வாங்க மாட்டோம். அவர் உடம்பில் ஊறிய வித்தைக்கோ அவர் நிஜ சுபாவத்துக்கோ கதையில் வேலை இருந்தால்தான் இரண்டாவது வாரம் கூட்டம் வரும்.

இவ்வளவு கணக்கும் ஏன் போட்டேன் என்றால், என் நண்பன் ஒருவனுக்காக. ஸ்ரீரங்கத்துக்காரன். ஆறடி மூன்று அங்குலம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தலையைக் குனிந்தே காலேஜுக்கு வருபவன், கோர்ட்டில் இறங்கினால் வேறு ஆள். ஒரு விளையாட்டுப் படத்துக்கு நிஜமாகக் கூடைப்பந்து ஆடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். இருபது நாள் வேலை, கையில் காசு. அதே நாட்களில்தான் யுனிவர்சிட்டி டீம் செலக்ஷன். அந்த டீமில் ஆடினால் கிடைக்கும் சான்றிதழ்தான், பின்னால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அவன் நம்பியிருப்பது. வீட்டில் சம்பாதிப்பவர் அப்பா மட்டும்தான். "மாப்ள, நம்மள மாதிரி ஆடுறவன் எவனாவது நடிச்சு ஜெயிச்சிருக்கானாடா?" என்று கேட்டான்.

அவனுக்கு வருண் சக்கரவர்த்தி கதையைச் சொன்னேன். 2014-ல் 'ஜீவா' படத்தில் கிரிக்கெட் ஆடுபவர்களில் ஒருவராக ஒரு சின்ன வேடத்தில் வந்தார். அப்போது அவரை யார் கண்டார்கள்? அதற்குப் பிறகு ஆட்டத்துக்கே திரும்பிப் போய், 2021-ல் இந்திய அணியில் ஆடினார், 2025-ல் சாம்பியன்ஸ் டிராபி ஜெயித்த அணியிலும் இருந்தார். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் "அட, இது வருண்!" என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். "அவங்க உன்கிட்ட கேக்குறது உன் பேரை இல்லடா, உன் ஜம்ப்பை. அது செலக்ஷனுக்குப் போனா குறையாது, போகாம விட்டாத்தான் குறையும்" என்றேன். ஜோர்டனுக்குக் கோர்ட் கட்டிக் கொடுத்த கதையையும் சொன்னேன். "எனக்கு யாரு மாப்ள கட்டித் தருவா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செலக்ஷனுக்குத்தான் போனான். சினிமாக்காரர்களிடம் "அடுத்த ஷெட்யூலில் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறான். டீம் லிஸ்ட் இன்னும் வரவில்லை.

பி.கு: நான் விட்ட படங்கள் இருந்தால் சொல்லுங்கள். கபடி, ஹாக்கி எதுவானாலும் சரி. ஆனால் ஒரு நிபந்தனை, நடித்தவர் நிஜமாகவே ஆடியவராக இருக்க வேண்டும்!