நாகமணி தேடி வந்த கடலில்

குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்று நல்ல சனம். நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணாவின் மகளும் நானும் நெடுந்தீவுப் படகில் ஏறினோம். ஒரு மணி நேரக் கடற்பயணம். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை நினையாமல் எம்மவர் இந்தக் கடலைக் கடப்பதில்லை. நாங்களும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

பிறகு மருமகள் கையை நீட்டிக் காட்டினாள். கலியாணத்துக்கு வாங்கிய வைர மோதிரம்.

"இணையத்தில வாங்கினது மாமி. கடைக்குப் போகவேயில்லை."

"கல்லைப் பார்க்காமலோ?"

"நான் படத்தில பார்த்தனான். நான் வாங்கிற வரைக்கும் வித்தவரும் நேரில பார்க்கேல்லையாம்!"

எனக்கு வியப்பாக இருந்தது. அவள் விளக்கினாள். இணையத்தில் வைரம் விற்கும் பலரிடம் அந்தக் கற்கள் கையிருப்பில் இருப்பதில்லை. மும்பையிலோ அன்ற்வேர்ப்பிலோ மொத்த வியாபாரியின் பெட்டகத்தில் கல் கிடக்கும். அவருடைய பட்டியலை இவர்கள் தங்கள் பக்கத்தில் காட்டுவார்கள். ஒரே கல்லைப் பல கடைகள் வெவ்வேறு விலைக்குக் காட்டுவதும் உண்டு. நாம் பணம் கட்டிய பிறகுதான் கல்லை வரவழைத்து, மோதிரத்தில் பதித்து அனுப்புவார்கள். உலகின் வைரங்களில் பெரும்பாலானவை பட்டை தீட்டப்படுவது இந்தியாவின் சூரத் நகரில். அகழ்ந்தெடுப்பதோ பொட்சுவானா, ரஷ்யா, அங்கோலா போன்ற நாடுகளில். இப்போது ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரமும் வருகிறது. அதுவும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. எனவே எது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"கல்லோட பத்திரம் வரும் மாமி. எத்தனை கரட், என்ன நிறம், எவ்வளவு தெளிவு, எல்லாம் இருக்கும். பத்திர இலக்கத்தைக் கல்லின்ர விளிம்பிலயே பொறிச்சிருக்கினம். பூதக்கண்ணாடியில பார்க்கலாம்."

"ஆர் தோண்டினது எண்டு இருக்கோ?"

"அது இல்லை" என்றாள் மெதுவாக.

சியராலியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில் கிளர்ச்சிக்காரர் வைரம் விற்று ஆயுதம் வாங்கினார்கள். அப்பாவிகளின் கைகளை வெட்டினார்கள். அதன் பின்னரே, 2003 இல், கிம்பர்லி உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் நாடு விட்டு நாடு போகும்போது சான்றிதழோடு போக வேண்டும். ஆனால் அந்த உடன்பாடு தடுப்பது கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கற்களை மட்டுமே. சுரங்கத்தில் அரச படையோ முதலாளியோ செய்யும் கொடுமை அதில் அடங்காது.

இதைக் கேட்டபோது என் தோடு நினைவுக்கு வந்தது. அம்மா தந்த ஏழு கல் வைரத்தோடு. 1990 இல் தீவை விட்டு ஓடியபோதும் காதிலேயே இருந்தது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அதைக் கழற்றிக் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கினேன். வாங்கியவர் அது யாருடையது என்று கேட்கவில்லை. கேட்கும் நேரமும் அதுவல்ல. அந்தக் கற்கள் இன்று யார் காதில், எந்தப் பத்திரத்தோடு இருக்கின்றனவோ!

நெடுந்தீவில் இறங்கி, முருகைக்கல் வேலிகளைக் கடந்து வெடியரசன் கோட்டைக்குப் போனோம். அங்கே எஞ்சியிருப்பவை பழைய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊரார் வெடியரசன் கோட்டை என்றே சொல்கிறார்கள். ஈழத்தில் வழங்கும் கண்ணகி கதையின்படி, அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடிச் சோழநாட்டிலிருந்து மீகாமன் கப்பலோட்டி வந்தது இந்தக் கடலுக்குத்தான். வெடியரசன் வழிமறித்தான். பெரும் போர் மூண்டது. ஒரு பெண்ணின் காலணிக்காக அன்றும் இரத்தம் சிந்தியிருக்கிறது.

"மணி எடுக்கப் போனவையின்ர பேர் கதையில இருக்கு. செத்தவையின்ர பேர் இல்லை, என்ன மாமி?" என்றாள் மருமகள். அதன் பிறகு அவள் மோதிரத்தைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும் படகில் நான் நினைத்தது வேறு. மதுரையில் கண்ணகி வழக்கை வென்றது எப்படி? அரசியின் சிலம்பில் முத்து என்று அரசனே சொன்னான். தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் அறிந்திருந்தாள். அறியாதிருந்தால் கணவனைக் கள்வன் என்றே ஊர் சொல்லியிருக்கும்.

சகோதரிகளே, எம்மில் வைரம் வாங்குபவர் சிலரே. ஆனால் அடகு வைக்காதவர் அரிது. அடகு கடையில் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே பணம் தருவார்கள். ஆகவே நகையைக் கொடுக்குமுன் மொத்த நிறை எத்தனை கிராம், கல் எத்தனை, என்ன கல் என்பதைச் சிட்டையில் எழுதச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இணையத்தில் வைரம் வாங்கினால், பத்திர இலக்கத்தை அதைக் கொடுத்த ஆய்வுகூடத்தின் தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்றும் கேட்கச் சொல்லுங்கள். எல்லோரும் கேட்கத் தொடங்கினால் ஒருநாள் அதுவும் பத்திரத்தில் வரும்.

என் சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதையும்.